முத்திரையில் அடங்காத பெயர்கள்

மன்னார்ப் பாலத்தைத் தாண்டி, திருக்கேதீஸ்வரச் சந்தியைக் கடந்து, பூநகரி நோக்கிப் போகும் ஏ-32 வீதியில் விடத்தல்தீவுக்கு முன்னால் வருவது பாப்பாமோட்டை. ஒரு பக்கம் கடல் வாடையும் உவர்நிலமும், மறுபக்கம் வயலும் பனையும். சென்ற வருடம் அந்த வீதியோரத்துத் தேநீர்க் கடையொன்றில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது ஒரு பெரியவரோடு பேச்சுக் கொடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. விடத்தல்தீவு அவருடைய பூர்வீகம். இருபது வருடங்களுக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். நான் பழைய சரித்திரம் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், சேட்டுப் பையிலிருந்து பொலித்தீன் உறையில் சுற்றிய ஒரு பழைய கடித உறையை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இத ஒருக்காப் பாருங்க. எங்கட வாப்பாட வாப்பாவுக்குக் கீழக்கரையிலிருந்து வந்தது. சங்கு வியாபாரக் கடிதம். இந்த முத்திரையில இருக்கிறது என்ன கட்டடம்? பள்ளிவாசலோ?"

பச்சை நிறத்தில் அரையணா முத்திரை. அரசர் ஐந்தாம் ஜோர்ஜின் தலை. அதோடு உயரமான ஒரு வளைவு. பள்ளிவாசல் இல்லை. புதுதில்லியில் இன்று 'இந்தியா கேட்' என்று எல்லாரும் சொல்லும் போர் நினைவு வளைவுதான் அது.

அந்தக் கடிதம் கடல் தாண்டி வந்த வழியும் சரித்திரம்தான். 1914இல் தலைமன்னார் வரை ரயில் பாதை போடப்பட்ட பிறகு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழிக்கும் வரை தென்னிந்தியாவிலிருந்து வரும் ஆளும் தபாலும் அந்த வழியாக நம்முடைய மன்னார்த் தீவைக் குறுக்கறுத்தே போயின. கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி என்று அக்கரை முஸ்லிம் ஊர்களின் சுகசெய்திகளோடு அந்தச் சின்னஞ்சிறு போர் வளைவும் இக்கரைக்கு வந்து சேர்ந்தது.

பெரியவருக்கு அந்த வளைவின் கதையைச் சொன்னேன். பஸ் வந்துவிட்டதால் பாதியில் நின்றுபோன அந்தக் கதையை இங்கே முழுதாக எழுதிப் பார்க்கிறேன்.

1931 பெப்ரவரியில் புதுதில்லித் தலைநகர் திறப்பு விழாவை ஒட்டி பிரிட்டிஷ் இந்திய அரசு ஆறு முத்திரைகளை வெளியிட்டது. காலணாவில் பழைய கோட்டையான புராணா கிலா, அரையணாவில் போர் நினைவு வளைவு, ஓரணாவில் சட்டசபைக் கட்டடம், இரண்டணாவில் வைசிராய் மாளிகை, மூன்றணாவில் செயலகம், ஒரு ரூபாயில் செயலகத்தின் முன்னுள்ள தூண்கள். இந்திய முத்திரைகளில் அதுவரை பெரும்பாலும் மன்னர், மகாராணி தலைகளே இருந்தன. கட்டடங்களும் காட்சிகளும் வரத் தொடங்கிய ஆரம்ப காலம் அது. அன்றைக்கு இந்தியாவுக்குள் ஓர் அஞ்சலட்டைக்கு அரையணாதான். அதாவது வைசிராயின் மாளிகை மேல் விலையில் இருக்க, போரில் செத்தவர்களின் சின்னம் ஏழை எளியவனின் அட்டையில் ஒட்டும் விலையில் இருந்தது. வேண்டுமென்று செய்தார்களோ என்னவோ, பொருத்தமாகத்தான் அமைந்தது. ஏனென்றால் அந்தப் போரில் செத்தவர்களும் பெரும்பாலும் ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளே.

அந்த வளைவுக்கு 1921 பெப்ரவரி 10இல் கொனோட் கோமகன் அடிக்கல் நாட்டினார். 1931 பெப்ரவரி 12இல் வைசிராய் இர்வின் பிரபு திறந்து வைத்தார். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். உயரம் 42 மீற்றர். 1914 முதல் 1921 வரை உயிர் நீத்த சுமார் 70,000 இந்தியச் சிப்பாய்களின் நினைவாக எழுப்பப்பட்டது. உச்சியிலுள்ள கல்வெட்டில் போர்க்களங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன: பிரான்ஸ், பிளாண்டர்ஸ், மெசப்பொத்தேமியா, பாரசீகம், கிழக்கு ஆபிரிக்கா, கல்லிபொலி. சுவர்களில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அப்பெயர்களுக்கு உரியவர்கள் வடமேற்கு எல்லையிலும் 1919 ஆப்கான் போரிலும் இறந்தவர்கள்.

இந்த இடப்பெயர்களைச் சற்று நிறுத்தி வாசிக்க வேண்டும். மெசப்பொத்தேமியா என்பது பக்தாதும் பஸ்ராவும் கூபாவும் உள்ள பூமி. கல்லிபொலி துருக்கியரின் வாசல். எதிரில் நின்றது உஸ்மானிய கிலாபத்தின் படை. ஆப்கான் போரோ இன்னொரு முஸ்லிம் நாட்டோடு. பஞ்சாபிலிருந்தும் எல்லைப் புறத்திலிருந்தும் போன ஆயிரக்கணக்கான முஸ்லிம் சிப்பாய்கள் அந்தக் களங்களில் எந்த மனத்தோடு நின்றார்கள் என்பதை எந்த வளைவும் சொல்லாது. பரோட்டாவும் பருப்பும் தந்த சர்க்காருக்கு நன்றி ஒரு பக்கம், கலீபாவுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கும் சஞ்சலம் மறுபக்கம். 1915 பெப்ரவரியில் சிங்கப்பூரில் 5ஆம் இலகு காலாட்படையின் முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்ததற்கு, தங்களைத் துருக்கியருக்கு எதிராக அனுப்பப் போகிறார்கள் என்று பரவிய பேச்சும் ஒரு காரணம். கலகத்தில் பல உயிர்கள் போயின. அடங்கிய பின் 47 சிப்பாய்களைச் சிறைச் சுவரோரம் நிறுத்தி, ஊர் மக்கள் பார்க்கச் சுட்டார்கள். கலகத்தில் கொல்லப்பட்ட வெள்ளையருக்குச் சிங்கப்பூரில் நினைவுக் கற்கள் பதிக்கப்பட்டன. சுடப்பட்டவர்கள் இராணுவக் கோப்புகளுக்குள் போனார்கள்.

ஒரே போர், ஒரே படை. ஒரு சாராருக்கு 42 மீற்றர் வளைவும் அரையணா முத்திரையும். இன்னொரு சாராருக்கு ஒரு கோப்பு. போர் நினைவுச் சின்னம் என்பதைப் பார்க்கும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: கட்டியது யார், உள்ளே சேர்க்கப்பட்டது யார், விடுபட்டது யார்?

லட்யன்ஸின் கைவண்ணம் இன்னொரு முத்திரையிலும் ஏறியது. கல்லிபொலித் தரையிறக்கத்தின் இருபதாம் ஆண்டு நினைவாக 1935 மார்ச்சில் அவுஸ்திரேலியா இரண்டு முத்திரைகள் வெளியிட்டது. இரண்டு பென்சில் ஒன்று, ஒரு ஷில்லிங்கில் மற்றொன்று. படம் என்ன தெரியுமா? இலண்டன் வைட்ஹோல் வீதியில் லட்யன்ஸ் எழுப்பிய வெற்றுக் கல்லறை. அவுஸ்திரேலியப் பிள்ளைகள் துருக்கிக் கரையில் செத்தார்கள். அவர்களுடைய நாட்டு முத்திரையில் நின்றதோ இலண்டன் தெருக்கல். அந்தக் கல்லறைக்குள் எவருடைய உடலும் இல்லை. பல மதத்தவரும் செத்த போர் என்பதால் அதில் சிலுவை முதலான எந்த மதச் சின்னமும் வைக்கப்படவில்லை. அந்த ஒரு விஷயத்தில் லட்யன்ஸை மெச்சத்தான் வேண்டும்.

இலங்கைக்கு வருவோம். முதல் உலகப் போரின் கடைசி வருடமான 1918இல் இலங்கையின் 2, 3, 5 சத முத்திரைகளின் மேல் 'போர் முத்திரை' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை அடித்து விற்றார்கள். சின்னமும் இல்லை, வளைவும் இல்லை. போர்ச் செலவுக்குக் காசு. நம்முடைய தபாலில் போர் முதன்முதலில் வந்த கோலம் இதுதான். இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. நம் மண்ணில், நம் ஆட்கள் செத்தார்கள். போர் முடிந்து 1946இல் வெற்றி முத்திரை வந்தது: 6 சதம், 15 சதம். அதில் கொழும்பும் இல்லை, திருகோணமலையும் இல்லை. பேரரசின் நாடுகள் பலவற்றுக்கும் ஒரே அச்சுப் படம்: அரசரின் தலை, இலண்டன் பாராளுமன்றம், தேம்ஸ் நதி. குண்டு விழுந்தது இங்கே. முத்திரையில் தெரிந்த ஆறு அங்கே.

அதே லட்யன்ஸ் வரைந்த போர் நினைவுத் தூண் கொழும்பிலும் உண்டு. முதலில் காலிமுகத்திடலில் நின்றது. கடலிலிருந்து சுடும் ஜப்பானியக் கப்பலுக்கு அது குறியாகிவிடும் என்ற பயத்தில் இரண்டாம் போரின்போது கழற்றி உள்ளே கொண்டுபோய், இப்போதைய விகாரமகாதேவிப் பூங்காவில் நட்டார்கள். ஒரு போரில் செத்தவர்களின் நினைவுத்தூண் அடுத்த போருக்குப் பயந்து இடம்பெயர்ந்தது. இடம்பெயர்வு என்றால் என்னவென்று தெரிந்த வடபுலத்து முஸ்லிமுக்கு இந்தக் கதையைக் கேட்டால் ஒரு கசந்த சிரிப்பு வரும். கல்லுக்கு லொறி கிடைத்தது.

பேரரசு போன பிறகு புதிய நாடுகள் தத்தம் முத்திரையில் தத்தம் சின்னங்களை ஏற்றின. முஸ்லிம் நாடுகள் இரண்டின் கதை நமக்குப் பாடமாக இருக்கும்.

மலேசியா 1966 பெப்ரவரி 8இல் தன் தேசிய நினைவுச் சின்னத்தைத் திறந்தது. அன்றைக்கே 10 சென், 20 சென் முத்திரைகளையும் வெளியிட்டது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அமெரிக்காவில் ஆர்லிங்டன் போய், இவோ ஜிமா தீவில் கொடி நடும் வீரர்களின் வெண்கலச் சிலையைப் பார்த்து மனம் பறிகொடுத்து, அதை வடித்த பீலிக்ஸ் டி வெல்டனையே அழைத்துச் செய்வித்த சிலை. ஏழு வெண்கல வீரர்கள். 1975இல் குண்டு வைத்துச் சேதப்படுத்தப்பட்டு, மீண்டும் சீர்செய்யப்பட்டது. ஆனால் அந்நாட்டு ஆலிம்கள் எழுப்பிய கேள்வி குண்டை விட நீடித்தது: மனித உருவச் சிலையின் முன் நின்று மலர் வைத்து மரியாதை செய்வது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமா? பிற்காலத்தில் வீரர் தின வைபவம் புத்ராஜெயாவிலுள்ள சதுக்கத்துக்கு மாற்றப்பட்டது. முத்திரையில் ஏறிய சிலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. நினைவுகூரல் நடந்து வேறிடம் போய்விட்டது.

மற்றது வங்கதேசம். 1952 பெப்ரவரி 21இல் தாய்மொழிக்காகச் செத்த மாணவர்களின் நினைவாக டாக்காவில் எழுந்தது ஷஹீத் மினார். 1971 மார்ச்சில் போர் வெடித்தபோது பாகிஸ்தான் படை அதை இடித்தது. இடித்த இடத்தில் 'மஸ்ஜித்' என்று எழுதிய பலகையை நட்டது. அல்லாஹ்வின் வீட்டின் பெயரை எடுத்து, செத்தவர்களின் நினைவை மூடப் பார்த்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1972 பெப்ரவரி 21இல் புதிய நாட்டின் 20 பைசா முத்திரை வந்தது. படம் அதே ஷஹீத் மினார். தரையில் கல் எழும்ப முன் காகிதத்தில் எழும்பிவிட்டது. இடித்தவன் கையில் துப்பாக்கி இருந்தது. கடிதம் எழுதியவன் கையில் இருபது பைசாவில் மினார் இருந்தது.

இப்போது நம்முடைய மரபைப் பார்ப்போம். நாம் ஷுஹதாக்களை எப்படி நினைவு வைத்திருக்கிறோம்? பத்ரில் கலந்துகொண்ட 313 பேரின் பெயர்களைத் தமிழ் முஸ்லிம் ஊர்களில் எத்தனையோ தலைமுறையாக ஓதி வருகிறார்கள். அந்தக் களத்தில் ஷஹீதான 14 பேரையும் உஹதில் ஷஹீதான எழுபது பேரையும் சீறா ஆசிரியர்கள் பெயர் பெயராக, தகப்பன் பெயர், கோத்திரம் என்று எழுதி வைத்தார்கள். சிலை இல்லை, படம் இல்லை. ஆனால் ஆயிரத்து நானூறு வருடம் கழித்தும் அவர்களில் யாருடைய பெயரும் தொலையவில்லை. உருவம் வேண்டாம் என்ற மார்க்கம் பெயரை விடவில்லை. மையித்துக்கு முன்னால் நின்று தொழுகிறோம், பெயர் சொல்லி துஆக் கேட்கிறோம். அதுதான் நம்முடைய கல்வெட்டு.

இந்தியத் தபால் துறை 2000 டிசம்பர் 17இல் குஞ்ஞாலி மரைக்காருக்கு மூன்று ரூபா முத்திரை வெளியிட்டது. 1600இல் கோவாவில் போர்த்துக்கீசரால் தலை வெட்டப்பட்ட நான்காம் குஞ்ஞாலியின் நானூறாம் வருட நினைவு. முத்திரையில் முகம் இல்லை. ஒரு போர்ப் படகு. மரைக்காயர்களின் போர் நம்முடைய கடலுக்கும் எட்டியது. 1538இல் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் போர்த்துக்கீசர் அவர்களின் படையைத் தோற்கடித்தார்கள். நம்மட மன்னாருக்கு எதிர்க்கரைதான் வேதாளை. 1560இல் போர்த்துக்கீசர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது. வேதாளையில் செத்தவர்களின் பெயர் எங்கே நிற்கிறது?

காத்தான்குடியில் வேறொரு மாதிரியைப் பார்க்கலாம். 1990 ஆகஸ்ட் 3 இரவு இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர், சிறுவர்கள் உட்பட, ஸுஜூதில் விழுந்த இடத்திலேயே ஷஹீதானார்கள். பள்ளிச் சுவரில் பாய்ந்த ரவைத் துளைகளை ஊரார் பூசி மறைக்கவில்லை. வருடா வருடம் ஷுஹதாக்கள் தினத்தில் அந்தச் சுவருக்குள்ளேயே துஆ நடக்கிறது. கட்டாமல் கிடைத்த நினைவுச் சின்னம் அது. எந்த முத்திரையிலும் ஏறவில்லை.

மூன்று மாதத்துக்குள் வடக்கு. 1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஆகக் கூடுதலானவர்கள் மன்னார் மாவட்டத்தவர்களே: எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி, சிலாவத்துறை, விடத்தல்தீவு. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். மன்னார்த் தீவின் சனம் கடல் வழியாகப் புத்தளக் கரைக்குப் போனது. இதைப் பற்றிய குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தது. வாக்குமூலங்கள் அச்சில் இருக்கின்றன. அது பெரிய காரியம். ஆனால் போகும் வழியிலும் கற்பிட்டி, புத்தள முகாம்களிலும் மௌத்தான குழந்தைகளும் கிழவர்களும் யார் யார்? அந்நிய ஊர் மையவாடிகளில் எந்த மீசான் கட்டைக்குக் கீழே யார்?

2009க்குப் பிறகு இதே வடக்கில் நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. கிளிநொச்சியில் பிளந்த கொங்கிறீட் கட்டியிலிருந்து எழும் தாமரை, ஆனையிறவில் ஒன்று, புதுக்குடியிருப்பில் ஒன்று. புலிகளின் துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன. யாழ் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததால் அதே ஆண்டில் மீண்டும் கட்டப்பட்டது. டாக்காவில் இடித்தவர்களிடம் நாம் காணும் பிழையை யாழ்ப்பாணத்தில் காணாமல் விட்டால் அது நீதியாகாது. நம்மை விரட்டியவர்களின் பேரால் அல்ல, அந்தத் தூபியின் முன் பிள்ளையை நினைத்து அழும் தாயின் பேரால் சொல்கிறேன். 1999 நவம்பரில் மடுத் தேவாலய வளாகத்தில் ஷெல் விழுந்து செத்த அகதிகளும் நம்முடைய மாவட்டத்து மண்ணில் விழுந்தவர்களே.

பாப்பாமோட்டைக்குப் போகும் வழியிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட எண்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். 2018இல் மன்னார் நகரில் கட்டடம் கட்டத் தோண்டிய இடத்தில் முந்நூறுக்கும் மேல். நகரத்து எலும்புகள் பல நூற்றாண்டு பழையவை என்று அமெரிக்க ஆய்வுகூடம் அறிக்கை கொடுத்தது. அதை ஏற்க மனமில்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் காலத்து எலும்பாக இருந்தாலும் ஒன்று மட்டும் பொது: பெயர் இல்லை. தில்லி வளைவில் வெட்டிய பதின்மூவாயிரம் பெயர்களை நினைத்துக்கொண்டு இந்தக் குழிகளைப் பார்த்தால், பெயர் என்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று விளங்கும்.

நமக்கும் ஒரு முத்திரை வேண்டும், ஒரு தூண் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தப்பில்லை. ஆனால் மேலே பார்த்த கதைகள் சொல்லும் புத்தி வேறு. முத்திரையை அச்சடிப்பவர் மாறினால் படமும் மாறும். தூணை நட்டவரே பிடுங்கிக்கொண்டு போவார். இரண்டு அங்குலக் காகிதத்தில் ஒரு வளைவு அடங்கும். வளைவுக்குள் இருக்கும் பெயர்கள் அடங்கா. அடங்காத அந்தப் பெயர்களைக் காப்பது அரசாங்கத்தின் கையில் இல்லை, நம்முடைய ஜமாஅத்துகளின் கையில் இருக்கிறது.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு கொப்பி போதும். 1990 முதல் 2009 வரை போரால், வெளியேற்றத்தால், முகாமில் நோயால் மௌத்தானவர்கள், காணாமல் போனவர்கள்: பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, நாள், அடக்கிய இடம். பழைய நிக்காஹ்ப் பதிவேடுகளும் பள்ளிக் கணக்குகளும் 1990இல் எத்தனையோ தொலைந்துபோயின. அன்று முப்பது வயதில் இருந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கரும் சைவரும் தங்கள் பெயர்களைத் தந்தால் அதே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். போர் அவர்களைத் தனித்தனியாகக் கொல்லவில்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் ஏறும்போது பெரியவரிடம் உறையைத் திருப்பிக் கொடுத்தேன். "அப்ப இதில ஒரு கபுறும் இல்லையோ?" என்று கேட்டார்.

"இல்ல காக்கா. பெயர் மட்டும்தான்."

"பெயர் இருந்தா போதுமே. துஆக் கேக்கலாம்" என்றார். பிறகு உறையின் மேல் கீழக்கரைக்காரர் மையால் எழுதியிருந்த தன் வாப்பாவின் வாப்பாவுடைய பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். வீடும் கடையும் கபுறடியும் போன இடத்தில் அவருக்கு மிஞ்சியிருந்தது முத்திரைக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு வரிதான்.